வழுவும் வழாநிலையும்

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதியின் கரையில் அமைந்துள்ளது ஆரணி நகரம். பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர்களுள் இஃது ஒன்று. இவ்வூரின் பட்டு, புவிசார் குறியீடு பெற்ற சிறப்புடையது. நெசவாளர் வாழும் தெருக்களில் நடந்து செல்வோர் செவிகளில் தறியின் ஓசை இடையறாது ஒலிக்கும். குழித்தறியில் அமர்ந்த நெசவாளர் காலால் மிதியை அழுத்துகிறார்; பாவின் இழைகள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன; அவற்றின் ஊடே நாடா பாய்கிறது; அச்சு, ஊடையிழையை நெருக்கி அடிக்கிறது. இவ்வாறு இழைமேல் இழையாகச் சேலை வளர்கிறது.

ஒரு சேலையின் பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் உள்ளன. அவற்றுள் ஓர் இழை அறுந்தாலும் நெசவாளர் தறியை நிறுத்திவிடுவார். அறுந்த முனைகளைத் தேடி எடுத்து முடிச்சிட்ட பின்னரே மீண்டும் நெய்யத் தொடங்குவார். 'ஓரிழைதானே!' என்று விட்டுவிட்டால், அவ்விழை இல்லாத கீறல் சேலையின் நீளத்திற்கும் தொடரும். நெய்து முடித்த சேலையைப் பார்வையிடுபவரும் அதனை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறார். பழுது இருப்பின், 'சேலை நன்றாக இல்லை' என்று பொதுவாகச் சொல்லி அவர் அமைவதில்லை. 'முந்தியிலிருந்து இத்தனை முழத்தில், வலக்கரையை ஒட்டி, இந்த இடத்தில்' என்று விரல் வைத்துக் காட்டுகிறார். விரல் வைத்துக் காட்டிய பழுதையே திருத்த இயலும்.

தறியில் வேறொரு வகைப் பழுதும் நேர்வதுண்டு. கரையிலும் முந்தியிலும் மயிலும் யாளியும் பூங்கொடியும் அமைய வேண்டுமானால், எந்த ஊடைக்கு எந்தப் பாவிழைகள் மேலெழ வேண்டும் என்பதைத் தறிக்கு அறிவித்தல் வேண்டும். இப்பணியைத் தறியின் மேலுள்ள ஜக்கார்டுப் பெட்டி செய்கிறது. அதில் துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டுள்ளன. துளை உள்ள இடத்தில் இழை எழும். துளை இல்லாத இடத்தில் எழாது. அட்டை ஒன்றில் தவறான இடத்தில் துளை விழுந்துவிட்டால், மயிலின் கழுத்தில் ஒரு புள்ளி பிறழும். அடுத்த மயிலிலும் அதே புள்ளி பிறழும். அடுத்த சேலையிலும் அவ்வாறே ஆகும். நெசவாளர் எவ்வளவு கருத்தாக நெய்தாலும் பயனில்லை. ஏனெனில் பழுது இழையில் இல்லை. இழைக்கு இடப்பட்ட கட்டளையில் இருக்கிறது. அந்த ஓர் அட்டையைக் கண்டுபிடித்து மாற்றும்வரை அப்பழுது நீங்காது.

பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மாரி ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டில் இவ்வமைப்பை உருவாக்கினார். இங்கிலாந்து நாட்டு அறிஞர் சார்லஸ் பாபேஜ், 1830-களில் தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்குக் கட்டளைகளைத் தருவதற்கு இத்தகைய துளையட்டைகளையே தேர்ந்துகொண்டார். அப்பொறி முற்றுப்பெறவில்லை, எனினும் அக்கருத்து அழியவில்லை. இன்றைய கணிப்பொறியை இயக்கும் கட்டளைத் தொகுதியாகிய மென்பொருள், நெசவுத்தறியின் அட்டைக்கு உறவுடையது என்றால் அது மிகையன்று. அட்டையில் நேரும் பழுது போலவே மென்பொருளில் நேரும் பழுதும், அக்கட்டளை நிறைவேறும் இடந்தோறும் மீண்டும் மீண்டும் தோன்றும்.

இத்தகைய பழுதை ஆங்கிலேயர் 'பக்' என்பர். பூச்சி என்பது அதன் பொருள். எந்திரங்களில் நேரும் சிறு குறைகளைக் குறிக்க, எடிசன் 1878-ஆம் ஆண்டிலேயே தம் கடிதத்தில் இச்சொல்லை ஆண்டுள்ளார். 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க்-2 என்னும் கணிப்பொறி பழுதுற்றபோது, அதன் மின்விசையொன்றில் உண்மையாகவே ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டிருந்தது. அங்குப் பணியாற்றியோர் அதனை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, நேரத்தையும் நிகழ்ந்ததையும் எழுதிவைத்தனர். அவ்வேடு இன்றும் அமெரிக்க நாட்டு அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டு வருகிறது. பட்டைத் தந்து ஆரணியை வாழ்விப்பதும் ஒரு பூச்சியே. கணிப்பொறியை நிறுத்தியதும் ஒரு பூச்சியே.

தமிழில் இப்பழுதுக்கு 'வழு' என்னும் பெயர் வழங்குகிறது. இலக்கணம் பயிலும் மாணவர்க்கு இச்சொல் புதிதன்று. பிழையுடையது வழு, பிழையற்றது வழாநிலை, பிழையேயாயினும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. மென்பொருள் உலகிலும் இம்மூன்றும் உள்ளன. வழாநிலையை நோக்கியே யாவரும் உழைக்கின்றனர். சில குறைகளைத் திருத்தினால் அதனினும் பெரிய இடையூறு விளையும் என்பதனால், காரணத்தை எழுதிவைத்து அவற்றை அவ்வாறே விட்டுவிடுதலும் உண்டு. அதுவே அங்கு வழுவமைதி.

வழுவைக் கண்டவர் அதனை யாரிடம் சொல்வது? சில மென்பொருள்களின் மூலக்கட்டளைகளை அவற்றை ஆக்கிய நிறுவனத்தார் மட்டுமே காண இயலும். அவை பூட்டிய பெட்டிக்குள் உள்ள அட்டைகளைப் போன்றவை. பிறிதொரு வகை மென்பொருளில் மூலக்கட்டளைகள் யாவரும் காணுமாறு திறந்து வைக்கப்படுகின்றன. விரும்பியவர் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம். இவை திறந்த மூல மென்பொருள் எனப்படும். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-ஆம் ஆண்டில் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். பின்லாந்து நாட்டு மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-ஆம் ஆண்டில் லினக்ஸ் என்னும் இயங்குதளக் கருவை வெளியிட்டார். 1993-ஆம் ஆண்டில் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டம், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களின் கூட்டுறவால் வளர்ந்தது. தன்னிடமுள்ள குறைகளை மறைப்பதில்லை என்றும், வழு அறிக்கைகள் அனைத்தையும் பொதுவில் வைப்பதென்றும் அத்திட்டம் 1997-ஆம் ஆண்டில் உறுதிமொழி மேற்கொண்டது. தன் குறையைத் தானே ஊரறியப் பலகையில் எழுதிவைக்கும் வணிகர் ஒருவரைக் கண்டால் உலகம் வியக்கும். ஆனால் இங்கு அதுவே முறை.

இம்முறையால் தமிழுக்கு விளையும் பயன் பெரிது. தமிழ் எழுத்துகளுக்குரிய எண்கள் 1991-ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிக்கோடு குறிமுறையின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றன. ஆயினும் எண் இருந்தால் மட்டும் போதாது. 'கொ' என்னும் எழுத்தை நோக்குக. கணிப்பொறியின் நினைவகத்தில் ககரம் முன்னும் ஒகரக் குறி பின்னுமாக உள்ளன. திரையிலோ அக்குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு ககரத்தின் முன்னும் கால் அதன் பின்னும் நிற்றல் வேண்டும். இம்முறையை அறியாத மென்பொருள், கொம்பை ஒரு புள்ளி வட்டத்தின் அருகே தனியே தொங்கவிடும். செர்மனியிலோ சப்பானிலோ உள்ள நிரலாளர் அதனைக் கண்டால் பிழையென்று அறியார். அதுவே தமிழின் வடிவம் என்று எண்ணுவர். தமிழ் கற்ற சிறுவன் ஒருவன் கண்டால் நொடியில் பிழையென்பான். ஆதலால், தமிழில் நேரும் வழுவைக் கண்டு சொல்லும் கடமை தமிழரையே சார்ந்தது. அவர் சொல்லாவிடில் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

வழுவை அறிவிக்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆரணியில் நெசவாளர் ஒருவரின் மகள் பள்ளியில் பயில்கின்றாள் என்று கொள்வோம். தந்தையார் நெய்யும் சேலைகளின் வடிவப் பெயர்களையும் நிறப் பெயர்களையும் அவள் கணிப்பொறியில் பட்டியலாக எழுதி, அகரவரிசைப்படுத்துமாறு கட்டளையிடுகிறாள். மயில், மல்லிகை, மனோரஞ்சிதம் என்று வரவேண்டிய பெயர்கள், மனோரஞ்சிதம், மயில், மல்லிகை என்று வருகின்றன. தமிழ் நெடுங்கணக்கில் னகரம் இறுதி மெய்யாதலின் மனோரஞ்சிதம் கடைசியில் நிற்றல் வேண்டும். ஆனால் யூனிக்கோடு எண்வரிசையில் னகரம், நகரத்தை அடுத்துப் பகரத்திற்கு முன்னர் வைக்கப்பட்டுள்ளது. தமிழின் அகரவரிசை விதிகள் யூனிக்கோடு அமைப்பின் பொதுத் தரவுத் தொகுப்பில் தனியே எழுதப்பட்டுள்ளன. அவ்விதிகளைக் கேளாது எண்களை மட்டுமே பார்த்து அடுக்கும் மென்பொருளில் இவ்வழு தோன்றுகிறது.

அம்மாணவி, 'இம்மென்பொருளில் தமிழ் சரியாக இல்லை' என்று மட்டும் எழுதினால், படிப்பவர்க்கு ஒன்றும் விளங்காது. அவள் எழுத வேண்டுவன சிலவே. எந்த மென்பொருள், அதன் எத்தனையாவது பதிப்பு, எந்த இயங்குதளம் என்பன முதலில் வேண்டும். அடுத்து, தான் செய்ததை வரிசையாகக் கூறுதல் வேண்டும். மூன்று சொற்களை ஒரு நிரலில் எழுதியதையும், ஏறுவரிசை கட்டளையைக் கொடுத்ததையும் அவள் குறிப்பாள். பின்னர், வரவேண்டியது இன்னது, வந்தது இன்னது என்று இரண்டையும் அருகருகே காட்டுவாள். பட்டியலில் முந்நூறு பெயர்கள் இருந்தாலும், வழுவைக் காட்ட மூன்று பெயர்களே போதுமானால் மூன்றையே தருதல் நன்று. அதே வழுவை முன்னரே எவரேனும் அறிவித்துள்ளனரா என்று தேடிப் பார்த்தலும் அவள் கடமை. ஓர் அறிக்கையில் ஒரு வழுவையே கூறுதல் வேண்டும். பல வழுக்களை ஒன்றாகக் கட்டினால் எதுவும் அவிழாது. காரணத்தை அவள் அறிந்திருத்தல் வேண்டுவதில்லை. ஊகத்தை உண்மை போல் எழுதாதிருந்தாற் போதும். நோயாளி தன் நோயின் பெயரை மருத்துவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது என்று மெய்யாகச் சொன்னாலே மருத்துவம் தொடங்கிவிடும்.

அறிக்கை சென்றவுடன் கூட்டுப்பணி தொடங்குகிறது. ஒருவர் அவள் கூறிய வண்ணமே தம் கணிப்பொறியில் செய்து பார்த்து, வழு உண்மையே என்று உறுதிப்படுத்துகிறார். மற்றொருவர், அவளது கணிப்பொறியில் மொழியமைப்பு தமிழாக உள்ளதா என்று வினவுகிறார். இதே குறையைப் பற்றி வேறு மூவர் எழுதியிருப்பின், அவற்றையெல்லாம் ஒருவர் ஒன்றாகச் சேர்க்கிறார். இஃது எவ்வளவு பேரைத் துன்புறுத்தும், எவ்வளவு விரைவில் திருத்தத் தக்கது என்பதை வேறொருவர் குறிக்கிறார். நிரலாளர் கட்டளையைத் திருத்துகிறார். அவர் திருத்தியதைப் பிறிதொருவர் படித்துப் பார்க்கிறார். பழைய செயல் எதுவும் கெடவில்லை என்று சோதிக்கின்றனர். அதன் பின்னரே அடுத்த பதிப்பில் திருத்தம் சேர்கிறது. இவர்களுள் பலர் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. தேரின் வடத்தைப் பிடிக்கும் கைகள் பலவாயினும் தேர் ஒன்றே அன்றோ!

மொழிபெயர்ப்பிலும் இத்தகைய வழுக்கள் நேரும். ஆங்கிலத்தில் 'ஓப்பன்' என்னும் ஒரு சொல்லே, 'திற' என்னும் ஏவலுக்கும் 'திறந்துள்ளது' என்னும் நிலைக்கும் வழங்குகிறது. மூலத்தில் அஃது ஒரே சொல்லாக வைக்கப்பட்டிருந்தால், தமிழில் ஓரிடத்தில் சரியாக அமைவது மற்றோரிடத்தில் பிழையாகிவிடும். தமிழர் இதனை எடுத்துரைத்தால், நிரலாளர் இரண்டிடத்திற்கும் தனித்தனிக் குறிப்பெழுதிச் சொற்களைப் பிரித்து வைப்பர். அதனால் தமிழ் மட்டுமன்றி, அவ்வேறுபாட்டை உடைய பிறமொழிகளும் பயன்பெறும்.

ஒரிடத்தில் செய்த திருத்தம் பல இடங்களுக்குப் பாய்வதும் இம்முறையின் தனிச்சிறப்பு. ஏரியின் மதகில் உள்ள அடைப்பை நீக்கினால் வயல்தோறும் நீர் பாயும். ஒவ்வொரு வாய்க்காலிலும் நின்று போராட வேண்டியதில்லை. எழுத்துகளைத் திரையில் ஒழுங்குபடுத்தும் ஹார்ஃப்பஸ் என்னும் மென்பொருளை ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ், ஆண்ட்ராய்டு முதலிய பலவும் பயன்படுத்துகின்றன. அதில் தமிழ் பற்றிய ஒரு வழு நீங்கினால், இவையனைத்திலும் நீங்கும். சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட பாஸ் இயங்குதளம், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. எனவே டெபியனில் களையப்பட்ட வழு, பாஸ் இயங்குதளத்தின் பின்வரும் பதிப்புகளிலும் களையப்பட வழி பிறக்கிறது.

இப்பணியில் வழிகாட்டுவோர் தமிழகத்தில் உள்ளனர். ஆரணியைப் போன்றே பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற காஞ்சிபுரத்தில் தோன்றிய லினக்ஸ் பயனர் குழுவும், விழுப்புரத்தில் தோன்றிய குனு-லினக்ஸ் பயனர் குழுவும் குறிப்பிடத்தக்கவை. கூடிப் பேசுதலும், அறியாதவர் கேட்கும் வினாக்களுக்கு விடையளித்தலும், மாணவர்க்குப் பயிற்சி தருதலும் இத்தகைய குழுக்களின் பணிகளாகும். 2012-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த 'கணியம்' இதழ், இத்துறைச் செய்திகளைத் தமிழிலேயே எடுத்துரைத்தது.

மூலம் திறந்திருப்பதனாலேயே வழு தானாக நீங்கிவிடும் என்று கருதுதல் தவறு. இணையத்தில் செய்திகளை மறைபொருளாக்கி அனுப்பும் ஓப்பன்-எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளில், 2012-ஆம் ஆண்டில் ஒரு வழு புகுந்தது. உலகமே பயன்படுத்திய அம்மென்பொருளைப் பேணியவர் மிகச் சிலரே. ஈராண்டுகள் அவ்வழு எவர் கண்ணிலும் படவில்லை. கூகுள் நிறுவன ஆய்வாளரும் பின்லாந்து நாட்டு நிறுவனம் ஒன்றும் தனித்தனியே அதனைக் கண்டறிந்தனர். 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் திருத்தத்துடன் அது வெளியிடப்பட்டது. 'ஹார்ட்பிளீட்' என்று பெயர் பெற்ற அவ்வழுவால், கடவுச்சொற்களும் கமுக்கச் செய்திகளும் கசியக்கூடிய நிலை இருந்தது. கதவு திறந்திருந்தது, உள்ளே வந்து நோக்குவார் இல்லை.

அதனினும் வியப்பானது 2024-ஆம் ஆண்டு நிகழ்ச்சி. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்னும் மென்பொருளைத் தன்னார்வலர் ஒருவரே நெடுங்காலம் பேணிவந்தார். அவர் சோர்வுற்றிருந்த வேளையில், புனைபெயருடைய ஒருவர் உதவுவார்போல் வந்து, ஈராண்டுகளுக்கு மேலாக உழைத்து நம்பிக்கையைப் பெற்றார். பின்னர், பிறர் கணிப்பொறிகளுக்குள் நுழைவதற்கான கள்ளவழி ஒன்றை அம்மென்பொருளில் மறைத்துவைத்தார். ஆண்டிரெஸ் பிராயிண்டு என்னும் பொறியாளர் வேறொரு சோதனையில் ஈடுபட்டிருந்தபோது, தொலைக் கணிப்பொறிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி மிகுதியாவதைக் கண்டார். அரை நொடியை யார் பொருட்படுத்துவர்? அவர் பொருட்படுத்தினார், காரணத்தைத் தேடினார். கள்ளவழியைக் கண்டதும், காப்புப் பொறுப்புடையோர்க்கு முதலில் தனியே அறிவித்து, மார்ச்சு 29-ஆம் நாள் உலகறியக் கூறினார். அப்பதிப்புகள் பெரும்பாலான கணிப்பொறிகளைச் சென்றடையுமுன்னர்ப் பேரிடர் தடுக்கப்பட்டது. தறியின் ஓசையில் நேர்ந்த சிறு மாற்றத்தைக் கேட்டே அறுந்த இழையைத் தேடும் நெசவாளரின் செவி அவருக்கு வாய்த்திருந்தது.

இந்நிகழ்ச்சி இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. பிறர்க்குத் தீங்கு விளைக்கக்கூடிய வழுவைக் கண்டவர், திருத்தும் பொறுப்புடையோர்க்கு முதலில் தனியே அறிவித்தல் வேண்டும்; உடைந்த பூட்டைச் சந்தையில் நின்று கூவுதல் கள்வர்க்கே உதவும். இஃது ஒன்று. பொதுப்பொருளைப் பேணும் சுமையைத் தனியொருவர் தோளில் ஏற்றிவிட்டு ஊரார் ஒதுங்கியிருத்தலாகாது என்பது மற்றொன்று. வழுவைச் சோதித்து உறுதி செய்தல், புதியவர்க்கு விடை கூறுதல், விளக்கக் குறிப்புகளைத் தமிழில் எழுதுதல் ஆகிய ஒவ்வொன்றும் அச்சுமையில் ஒரு பங்கைத் தாங்குவதாகும். இவற்றிற்கு நிரல் எழுதும் திறமை வேண்டுவதில்லை. கூர்ந்த நோக்கும் தெளிந்த நடையும் போதும்.

பணிவும் இங்கு இன்றியமையாதது. ஊதியமின்றித் தம் ஓய்வு நேரத்தை ஈந்து உழைப்பவரிடம், 'இன்னும் ஏன் திருத்தவில்லை?' என்று சினந்து எழுதுதல் பண்பாகாது. அறிக்கையைப் பெறுபவரும் அதனைத் தம்மீது கூறிய பழியாகக் கொள்ளுதல் கூடாது. குறையைச் சொல்பவர் அப்பொருளை வெறுப்பவர் அல்லர். வெறுத்தவர் அதனை வீசியெறிந்துவிட்டுப் போயிருப்பார். அது நன்றாக அமைய வேண்டும் என்று விரும்புபவரே நின்று, விரல் வைத்துக் காட்டுகிறார்.

ஆரணித் தறியில் அறுந்த இழையைக் கண்டவுடன் முடிச்சிடும் நெசவாளர், அச்சேலையை உடுத்தப்போகிறவர் யாரென்று அறியார். தமிழ் எழுத்தில் ஒரு வழுவைக் கண்டு அறிவிக்கும் மாணவியும், அதனால் பயன்பெறப் போகிறவர் யாரென்று அறியாள். யாழ்ப்பாணத்தில் பாடம் படிக்கும் சிறுவனாக இருக்கலாம். மலேசியாவில் கடிதம் எழுதும் முதியவராக இருக்கலாம். அவர்கள் திரையில் தமிழ் பிழையின்றித் தோன்றும். முன்பு அங்கே ஒரு வழு இருந்ததென்பதையே அவர்கள் அறியமாட்டார்கள். முடிச்சுத் தெரியாமல் இழை சேர்ந்துவிட்டால், அதுவே நல்ல நெசவு.